ஒன்பது மணிக்கு மேல்

அரவேணுவில் பஸ் இறங்கி
லயன் வீட்டுப் பூட்டைத் திறந்த பிறகும்
வாசலிலேயே நின்றிருந்தேன்.
உல்சானில், தம்பி வீட்டுக் கதவு
திறக்கும்போது ஒரு துண்டு மெட்டு வாசிக்கும்.
அது முடிந்துதான் செருப்பைக் கழற்றுவேன்.
நாற்பது நாள் பழக்கம்.
இங்கே கீல் கிறீச்சிட்டது, அவ்வளவுதான்.

தரையில் கால் வைத்தால் சுரீர்.
அங்கே தரைக்கடியில் வெந்நீர் ஓடும்.
நிரோஷினி பிரசவ உடம்போடு
வெறுந்தரையில் படுத்தே வேர்த்தாள்.
தவசீலனோ கப்பல் பட்டறையிலிருந்து வந்ததும்
பூனை மாதிரி ஒரு மூலை பார்த்துச் சுருண்டுகொள்வான்.

பதினாறு வருஷமாக ஃபேக்டரியில்
பச்சை இலை நிறுப்பவள் நான்.
என் கறிவேப்பிலைக் காம்பை
ஒரு பெட்டி நிறுத்தது அங்கே.
அட்டையைக் காட்டினால் மூடி திறக்கும்,
கொட்டினால் கிராம் காட்டும், காசு பிடிக்கும்.
முதல் நாள் முந்நூற்று நாற்பது.
முருங்கைக்காய்ச் சக்கையைக் கையில் வைத்துக்கொண்டு
ஈரத்துக்குக் கொஞ்சம் கழிக்கக் கூடாதா என்றேன்.
இலைக்குக் கழிக்கிறோமே.
பெட்டி மூடிக்கொண்டது.

இங்கே சரிவில் வீசினால்
காட்டெருமை வந்து கணக்கை முடித்துவிடும்.

இடிகல்லைக் கொண்டு போனது நான்தான்.
துணிப்பெட்டியில் நாலு கிலோ அதற்கே போயிற்று.
பத்தியக் குழம்புக்குப் பூண்டும் மிளகும்
மிக்ஸியில் அரைத்தால் பால் ஊறாது என்று
யார் சொன்னார்களோ, நானும் சொன்னேன்.
நாலாம் நாள் கதவில் ஒரு மஞ்சள் சீட்டு.
தவசீலன் வர இரவாகும்.
போனை எடுத்து அதன்மேல் பிடித்தேன்.
தமிழில் வந்தது:
'மதிப்புக்குரிய மேல்வீடே,
ஒன்பது மணிக்கு மேல்
உங்கள் கல் எங்கள் தலையில் வசிக்கிறது.
நன்றி.'

நிரோஷினி தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
கோத்தகிரி டீத்தூள் கால் கிலோவோடு
ஒரு மாடி இறங்கிப் போய்
குனிந்தேன்; அந்தம்மாவும் குனிந்தார்.
யார் முதலில் நிமிர்வது என்று தெரியாமல்
இருவரும் கொஞ்ச நேரம் குனிந்தே நின்றோம்.
மறுநாள் வாசலில் இரண்டு பேரிக்காய்,
காகிதம் சுற்றி, பச்சைப்பிள்ளைத் தலை அளவு.
நம் கொல்லைப் பேரிக்காயைக் கடித்தால்
கடைவாய்ப் பல் கையில் வந்துவிடும்.
இது வெறும் தண்ணீர், இனிப்புத் தண்ணீர்.
அன்றிலிருந்து கம்பளியை நாலாக மடித்து
மடியில் வைத்து, அதன்மேல் கல்லை வைத்து
தொப் தொப்பென்று இடித்தேன்.
தொடையெல்லாம் நீலம்.

'இதையும் எடுத்துட்டுப் போயிருங்க அக்கா,
பாக்கும்போதெல்லாம் பயமா இருக்கு' என்றாள்.
அதனால் கல்லும் ஊர் திரும்பியது.

இப்போது சாயங்காலம் ஆறு.
மழை நின்று, மூடுபனி
குழாயடி வரைக்கும் வந்துவிட்டது.
தவசீலன் போனைத் தொட்டில் பக்கம்
சாய்த்து வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவுகிறான்.
குட்டி தூங்குகிறான், வாய் மட்டும்
எதையோ சப்பிக்கொண்டிருக்கிறது.
அங்கே ஒன்பதரை.
ரசத்துக்கு மிளகு தட்ட வேண்டும்.
கம்பளியை எடுத்து நாலாக மடிக்கிறேன்.
அந்தம்மா தலையில் ஏன் இடிப்பானேன்.

இரண்டு நாள் இப்படிப் போனது.
மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் புஷ்பகாந்தி
முக்காட்டை இழுத்துக்கொண்டு வந்து நிற்கிறாள்:
'வந்துட்டேன்னு சொன்னாங்க.
செவுத்துல காது வச்சுப் பாத்தேன்,
கல்லுச் சத்தத்தையே காணோம்.
ஒடம்புக்கு முடியலையாடி?'

விரலை உதட்டில் வைத்துப்
போனைக் காட்டினேன்.
அவளும் குரலைத் தாழ்த்திக்கொண்டு
கம்பளியில் கல் இருப்பதைப் பார்த்து
'இது என்னத்துக்கு' என்றாள்.

கீழ்வீட்டில் தூங்குகிறார்கள் என்றேன்.
எங்கள் லயனுக்குக் கீழே
தேயிலைதான்.